இருபத்தேழு விரிசல்

– அந்த நோட்டு இந்த வீட்டு வாசலைத் தாண்டாது தம்பி. நீ ஆபீஸ்ல இருந்து வந்தாலும் சரி, ஆகாசத்துல இருந்து வந்தாலும் சரி.

– வெளிய எடுத்துட்டுப் போகல அண்ணி. இதே மேஜை மேல வச்சுப் பார்க்கறேன். நீங்களும் பக்கத்துலயே உக்காந்துக்கோங்க.

– போன தடவையும் இப்படித்தான். கமிட்டின்னு ரெண்டு பேர் வந்தாங்க. வாய் நிறைய அம்மா, அம்மான்னாங்க. அவரோட காம்பஸ், சுத்தியல், ஹெல்மெட் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போனாங்க. நாலு மாசம் ஆச்சு. திரும்பி வந்தது ஒரே ஒரு கடுதாசி. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு உனக்குத் தெரியும்.

– தெரியும்.

– தெரிஞ்சா சொல்லு. இதுவரைக்கும் யாரும் என் முன்னாடி வாயால சொல்லல. எல்லாரும் கண்ணாலதான் சொல்றாங்க.

– டனல் கூரை சரிஞ்சதுக்குக் காரணம், பாறை ஆய்வாளர் விரிசல்களோட திசையைத் தப்பா அளந்ததுன்னு போட்டிருக்கு.

– இருபத்திரண்டு வருஷம் மலை மலையா ஏறி இறங்கின மனுஷன். நான் அலமாரியைக் கொஞ்சம் கோணலா நகர்த்தி வச்சா, செருப்பைக் கழட்டும்போதே 'மூணு டிகிரி சாயுதே'ம்பார். அவருக்குத் திசை தெரியலையாம்.

– அதாவது அண்ணி, அது இன்னும் முடிவான ரிப்போர்ட் இல்ல. நாளன்னிக்குத்தான் கையெழுத்தாகுது. அதுக்குள்ள...

– கையெழுத்தானா என்ன, ஆகலேன்னா என்ன. ஊர் எப்பவோ போட்டுடுச்சு. டிரில்லர் சம்சாரம் போன வாரம் மருந்துக்கடையில எனக்கு முன்னாடி வரிசையில நின்னா. திரும்பி என்னைப் பார்த்தா. கையில சீட்டை வச்சுக்கிட்டே, மருந்து வாங்காம போயிட்டா. அவ மேல எனக்குக் கோபம் கிடையாது. அவ வீட்டுக்காரர் இவர் பேச்சை நம்பித்தானே உள்ள போனார். அந்த எலக்ட்ரீஷியனும் அப்படித்தான். மூணு பேரையும் ஒரே இடத்துல இருந்துதானே எடுத்தாங்க.

– வாண்டு எப்படி இருக்கா அண்ணி?

– ஏழாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை எப்படி இருப்பா? டிரில்லர் பொண்ணும் இவளும் பஸ்ல ஒரே சீட்டு. இப்ப அந்தப் பொண்ணு பின்னாடி போய் உக்காந்துக்குது. ஒருநாள் வந்து 'அப்பா தப்பா அளந்தாரா'ன்னு கேட்டா. இல்லைன்னு சொன்னேன். 'உனக்கு எப்படித் தெரியும்'னா.

– அதுக்குப் பதில் அந்த நோட்டுல இருக்கலாம். ஆபீஸ்ல இருக்கறது பிரிண்ட் எடுத்த பட்டியல் மட்டும்தான். கமிட்டி அதை வச்சுத்தான் எழுதியிருக்கு. அண்ணன் உள்ள நின்னு, பாறையில காம்பஸை வச்சு, கையால எழுதின நோட்டை இன்னும் ஒருத்தரும் பார்க்கல.

– அதைப் பார்த்து அடிச்சதுதானே அந்தப் பட்டியல்? அதே நம்பர்தான் இருக்கும்.

– இருக்கலாம். ஆனா நான் என் கண்ணால பார்க்கணும். கும்பிட்டுக் கேக்கறேன் அண்ணி.

– கையை இறக்கு. உன்னை அவர் வீட்டுல என்னன்னு கூப்பிடுவார் தெரியுமா? பொத்தான். 'நம்ம பொத்தான் இருக்கானே, பாறையைத் தொடாமலே பாறையைப் பத்திப் பேசற ஒரே ஆளு'ம்பார். ஆனா நீ வந்தா மட்டும் அவருக்கு முகம் மலர்ந்துடும். இரு, எடுத்துட்டு வர்றேன்.

– மெதுவா வாங்க.

– இந்தா. பீரோவுல அவர் சட்டைக்கு அடியில வச்சிருந்தேன். அட்டையில சேறு அப்படியே இருக்கு, துடைக்க மனசு வரல. அந்தச் சேத்துல அவர் கட்டைவிரல் பதிஞ்சிருக்கு பாரு. அதுல மட்டும் கை வைக்காத.

– வைக்க மாட்டேன்.

– முதல்ல ஆபீஸ்ல நீ எழுதின அந்த சாஃப்ட்வேர் என்ன பண்ணுதுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு. அவர் சொல்லும்போதெல்லாம் தலையை ஆட்டிட்டு வேற வேலையைப் பார்ப்பேன். இப்ப கேக்கணும்னு இருக்கு.

– அதாவது அண்ணி, மலை சும்மா நிக்கறதில்ல. மேல இருந்து அதோட எடையே அதை அமுக்குது. பக்கத்துல இருந்தும் அமுக்குது, ஒரு பக்கம் ஜாஸ்தி, ஒரு பக்கம் கம்மி. உள்ள எத்தனையோ விரிசல் இருக்கும். எல்லாம் வழுக்காது. விரிசல் எந்தத் திசையில இருக்கு, எவ்வளவு சாய்வா இருக்குன்னு கொடுத்தா, இந்த அமுக்கத்துல அது பிடிச்சுக்கிட்டு நிக்குமா, இல்ல வழுக்குமான்னு கணக்குப் போட்டுச் சொல்லும். நிக்கறதைப் பச்சையில காட்டும். வழுக்கக்கூடியதைச் சிவப்புல காட்டும்.

– அன்னிக்கு இருபத்தேழு விரிசலும் பச்சை.

– ஆமா. பச்சையைப் பார்த்துட்டுத்தான் மறுநாள் காலையில கூரைக்கு முட்டுக் கொடுக்காம உள்ள போகலாம்னு முடிவு பண்ணாங்க. இருபத்தேழுன்னு உங்களுக்கு...

– அவர் சொன்னார். நோட்டைப் பிரி.

– பதினாலாவது வரி. கூரை சரிஞ்ச இடம் இதுதான். நாப்பது, எழுபது.

– பட்டியல்ல என்ன?

– பட்டியல்லயும் நாப்பது, எழுபது.

– அவ்வளவுதானே. நான்தான் சொன்னேனே. மூடி வச்சிடு தம்பி. எனக்கு மறுபடி மறுபடி சாவு வீட்டுல உக்கார முடியாது.

– இல்ல அண்ணி, அவசரப்படாதீங்க. எழுபதுங்கறது எவ்வளவு சாய்வுன்னு. அதுல குழப்பமில்ல. நாப்பதுங்கறது எதோட நாப்பதுன்னுதான் பார்க்கணும். வாண்டோட கணக்குப் புஸ்தகத்தைக் கொடுங்க. இதைச் சுவத்துல சாய்ச்சு வைக்கறேன். புஸ்தகத்தோட மேல் விளிம்பு எந்தப் பக்கம் போகுது?

– ஜன்னல்ல இருந்து கதவுப் பக்கம்.

– அது ஓடுற திசை. சரி, புஸ்தகத்து மேல ஒரு கோலிக்குண்டை விட்டா எந்தப் பக்கம் உருளும்?

– என் பக்கம். நடுக்கூடத்துக்கு.

– அது சாயுற திசை. ரெண்டுக்கும் நடுவுல எப்பவும் தொண்ணூறு டிகிரி. ஒரே விரிசல்தான். சில பேர் ஓடுற திசையை எழுதுவாங்க, சில பேர் சாயுற திசையை எழுதுவாங்க. எழுதினப்புறம் பார்த்தா வெறும் நாப்பதுதான் நிக்கும். அது ஓடுறதா, சாயுறதான்னு நம்பருக்குத் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது.

– அவர் ஓடுற திசைதான் எழுதுவார். வலது கைக் கணக்கு. 'விரிசல் போற பக்கம் பார்த்து நில்லு, அது எப்பவும் உன் வலது கைப்பக்கம் சாயணும்'னு வாண்டுக்கே சொல்லிக் கொடுத்திருக்கார். இந்தக் கூடத்துலயே நிக்க வச்சு.

– அதையே நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வச்சிருக்கார் பாருங்க. 'ஓட்டம், வலது கை.' தேதியும் போட்டிருக்கார். இதைத்தான் தேடி வந்தேன். அண்ணன் எழுதின நாப்பது ஓடுற திசை. கணக்குல அதை சாயுற திசைன்னு எடுத்திருக்கு. இப்ப என் லேப்டாப்ல ஒவ்வொரு வரிக்கும் தொண்ணூறு கூட்டிப் போடறேன். நாப்பதுக்குப் பதிலா நூத்தி முப்பது. கொஞ்சம் நேரம் ஆகும்.

– ஆகட்டும்.

– தண்ணி குடிக்கறீங்களா?

– நீ திரையைப் பாரு.

– வந்துடுச்சு.

– என்ன வந்துச்சு? எனக்குக் கண்ணாடி இல்ல. வாயால சொல்லு.

– ஒன்பது விரிசல் சிவப்பு. பதினாலாவது எல்லாத்தையும் விட அடர்ந்த சிவப்பு. இதை மட்டும் அன்னிக்கு பார்த்திருந்தா ஒரு ஆளையும் உள்ள விட்டிருக்க மாட்டாங்க. அண்ணன் சரியாத்தான் அளந்திருக்கார் அண்ணி. ஒரு டிகிரிகூடப் பிசகல.

– இன்னொரு தடவை சொல்லு.

– அண்ணன் சரியாத்தான் அளந்திருக்கார்.

– நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ. கொஞ்சம் அழுதுக்கறேன். அதை மட்டும் மூடிடாத, சிவப்பா அப்படியே இருக்கட்டும்.

– அம்மா, வாசல்ல யார் செருப்பு? பொத்தான் சித்தப்பாவா?

– உள்ள வா வாண்டு. பையைக் கழட்டு.

– ஏன் ரெண்டு பேரும் அழறீங்க? மறுபடி கமிட்டியா?

– இல்லடா. நானும் அம்மாவும் உங்கப்பா நோட்டை இன்னிக்குத்தான் ஒழுங்கா பார்த்தோம். அவர் அளந்ததுல ஒரு தப்பும் இல்ல. தப்பு கம்ப்யூட்டர்ல நம்பர் போன இடத்துல. இதோ பாரு, அப்பா நோட்டுல இருக்கற மாதிரி போட்டா எப்படி வருது பாரு.

– சிவப்பா வருது.

– ஆமா.

– அப்ப அப்பாவுக்கு இது ஆபத்துன்னு தெரியுமா சித்தப்பா?

– தெரிய வேண்டிய எல்லாத்தையும் அப்பா எழுதி வச்சிருந்தார். அதைச் சரியா எடுத்துக்கத் தெரியாதவங்க நாங்கதான்.

– நாளைக்கு பஸ்ல சொல்லலாமா அம்மா? எல்லார்கிட்டயும் இல்ல. அவகிட்ட மட்டும்.

– நாளன்னிக்கு சொல்லு வாண்டு. கையெழுத்தாகட்டும். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ.

– நாலு மாசமா கடிச்சுட்டுத்தானே இருக்கேன். ரெண்டு நாள்தானே. நான் எதிர் வீட்டுல உக்காந்து படிக்கறேன். நீங்க அழுது முடிச்சதும் கூப்பிடுங்க.

– போயிட்டாளா?

– போயிட்டா அண்ணி.

– நாலு மாசத்துல இன்னிக்குத்தான் அவ படியில ஓடற சத்தம் கேக்குது. இப்ப சொல்லு. எங்க தப்பு நடந்துச்சு? எட்டு வருஷமா அந்த சாஃப்ட்வேர்லதான் நம்பர் போகுது. எட்டு வருஷமா வராத தப்பு அன்னிக்கு எப்படி வந்துச்சு?

– அதைச் சொல்லத்தான் காலையில இருந்து உங்க தெருமுனையில நின்னுட்டிருந்தேன்.

– காலையில இருந்தா? சாப்பிட்டியா?

– சாப்பாடு இறங்கல. நான்தான் மாத்தினேன் அண்ணி. விபத்துக்குப் பதினோரு நாள் முன்னாடி. பழசுல நம்பர் போடற முதல் கட்டத்துல ஓடுற திசையைக் கேக்கும். மத்த சைட்ல எல்லாரும் சாயுற திசைதான் எழுதறாங்க, எல்லாம் ஒண்ணுபோல இருக்கட்டும்னு புதுசுல சாயுற திசையைக் கேக்கற மாதிரி பண்ணேன். கட்டம் அதே இடத்துல அதே அளவுல இருந்துச்சு. மேல இருந்த பேர் மட்டும் மாறிச்சு.

– பேர் மட்டும் மாறிச்சு.

– போன வாரம் இன்னொரு சைட்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணார். 'ஏம்பா, இந்த முதல் கட்டத்துல என்னத்தப் போடணும்'னு கேட்டார். அப்பத்தான் அண்ணனும் பழைய மாதிரியே போட்டிருப்பாரோன்னு எனக்கு உறைச்சுச்சு. அன்னில இருந்து தூக்கம் இல்ல.

– அவர்கிட்ட சொன்னியா? மாத்தப் போறேன்னு, மாத்திட்டேன்னு?

– எல்லாருக்கும் மெயில் போட்டேன்.

– அவர் மெயில் படிக்கற ஆளா? கரண்ட் பில்லையே நான்தான் படிச்சுச் சொல்வேன். போனை எடுத்து 'அண்ணே, கட்டம் மாறிப் போச்சு, பார்த்துப் போடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு எத்தனை நேரம் ஆகும்? தினம் மத்தியானம் அவர் டிபன் டப்பாவுல பங்கு கேட்டுக் கை நீட்டுவியே. அப்பச் சொல்லியிருக்கலாம்.

– சொல்லியிருக்கலாம். அண்ணி, நீங்க இதுக்கு மேல என்ன திட்டினாலும் நான் என்னை அதைவிட அதிகமாத் திட்டிட்டேன். மெயிலை நம்ப முடியாதுன்னுதான் பெட்டி ஒண்ணு வச்சேன்.

– என்ன பெட்டி?

– புதுசை முதல் தடவை திறக்கும்போது மஞ்சளா ஒரு பெட்டி வரும். 'இனி முதல் கட்டத்தில் சாயும் திசையைப் போடவும். புரிந்ததா?'ன்னு கேக்கும். புரிந்ததுன்னு அமுக்கினாத்தான் மேல போக முடியும். அமுக்கின நேரமும் பதிவாகும்.

– ம்.

– அண்ணன் பேர்ல பதிவாகியிருக்கு. விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு நாப்பத்திரண்டு, அன்னிக்குத்தான் அந்த லேப்டாப்ல புதுசை முதல் தடவை திறந்திருக்கு. பெட்டி திரையில நின்னது ஒண்ணரை செகண்டு. அதுக்குள்ள அதை யாராலயும் படிச்சிருக்க முடியாது. அண்ணி, என்ன ஆச்சு? முகமெல்லாம் வேர்க்குது.

– ஒண்ணுமில்ல. படிக்காம அமுக்கிட்டார்னு அவர் தலையில கட்டுவாங்களா?

– அளந்தது தப்புன்னு எழுதினதை எடுத்துட்டு, அசட்டையா இருந்தார்னு எழுதுவாங்க. அதுக்கு முன்னாடி உங்ககிட்டப் பேசிடணும்னுதான்...

– அவர் அமுக்கல.

– புரியல அண்ணி.

– ஆறே முக்காலுக்கு அவர் குளிச்சுட்டு இருந்தார். நம்பரெல்லாம் நான்தான் அடிச்சேன். எட்டு வருஷமா நான்தான் அடிக்கறேன் தம்பி. சுத்தியல் பிடிச்சுப் பிடிச்சு அவர் விரல் ரெண்டு மடங்காது, உனக்கே தெரியும். ஒரு எழுத்தைத் தேடி அமுக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும். இதே மேஜையில உக்காந்து அவர் படிப்பார், நான் அடிப்பேன். வாய்ப்பாடு சொல்ற மாதிரி ராகம் போட்டுப் படிப்பார். அந்த அரை மணி நேரம்தான் எங்களுக்குன்னு இருந்த நேரம். அன்னிக்கு மழை, சேத்தோட வந்தார், நேரமும் ஆச்சு. 'நீங்க போய்க் குளிங்க, உங்க கோழிக்கிறுக்கல் எனக்குப் படிக்க வராதா'ன்னு நானே நோட்டைப் பிடுங்கினேன்.

– இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?

– யார்கிட்ட சொல்ல? தப்பு இங்க நடந்திருக்கும்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தெரியாதே. அவர் அளந்ததுல தப்பில்லன்னு அடிச்சுப் பேசத் தெரிஞ்ச எனக்கு, நான் அடிச்சது சரியான்னு ஒரு நாள்கூடத் தோணல. பழக்கப்பட்ட கட்டம், பழக்கப்பட்ட கை. பேர் மாறினதைக் கண்ணு பார்க்கவே இல்ல.

– அண்ணி, கேளுங்க. நீங்க அடிச்சீங்கன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். ஆபீஸ் லேப்டாப்பை வீட்டு ஆள்கிட்ட கொடுத்தார்னு அதையும் அண்ணன் மேலதான் ஏத்துவாங்க. நான் கடுதாசி எழுதி வச்சிருக்கேன். யாருக்கும் நேர்ல சொல்லாம கட்டத்தை மாத்தினது நான்னு. பெட்டியைப் பத்திக் கேட்டா, அது சில லேப்டாப்ல தானா வந்து தானா மறைஞ்சிடும், அது என் கோளாறுன்னு சொல்லிடறேன். நம்புவாங்க. அதுக்கு மேல யாரும் தோண்ட மாட்டாங்க.

– உன் வேலை போயிடும்.

– போகட்டும். அந்த நாற்காலியில இனி எனக்கு உக்கார முடியாது.

– உன் வீட்டுல சொல்லிட்டியா?

– இன்னும் இல்ல. முதல்ல இந்த வீடு, அப்புறம் அந்த வீடு.

– நீயும் உள்ள போன மாதிரிதான் ஆயிட்ட. மூணு பேரோட நாலாவதா.

– நான் உயிரோட இருக்கேனே அண்ணி. அது போதும். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. நோட்டு இந்த வீட்டுலதான் இருந்துச்சு, யாரும் தொடலன்னு. அவ்வளவுதான். நாளைக்கு கமிட்டியில இருந்து போன்ல ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க.

– என்ன கேள்வி?

– அன்னிக்கு சாயங்காலம் வந்த பச்சைப் படத்தை அண்ணன் பார்த்தாரா, பார்த்து ஏதாவது சந்தேகப்பட்டாரான்னு. சந்தேகப்பட்டும் பேசாம இருந்துட்டு மறுநாள் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போனார்னா, மறுபடி பழி அவர் பேர்லதான் நிக்கும். அதனால, படத்தைப் பார்க்கவே இல்ல, களைப்புல படுத்துட்டார்னு சொல்லிடுங்க. அந்த ஒரு வரி போதும். அண்ணன் பேர் சுத்தமா வெளிய வந்துடும். சொல்லிடுவீங்கதானே?

– கதவைச் சாத்து.

– வாண்டு எதிர் வீட்டுலதான் இருக்கா அண்ணி.

– பரவாயில்ல, சாத்து.

– சாத்திட்டேன். சொல்லுங்க, படத்தை அண்ணன் பார்க்கலதானே?

– பார்த்தார் தம்பி. தலையைத் துவட்டிக்கிட்டே வந்து ரொம்ப நேரம் பார்த்தார். 'பதினாலாவது பச்சையா வர வாய்ப்பே இல்லையே, அதுல கை வச்சப்பவே எனக்குப் பிடிக்கல. புதுசா எதாவது கேட்டுச்சா, பெட்டி கிட்டி வந்துச்சா?'ன்னு என்கிட்ட கேட்டார். படிக்காம அமுக்கிட்டேன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. ஒண்ணும் வரலியேன்னேன். 'நீ சொன்னா சரிதான்'னு சொல்லிட்டு சாப்பிட உக்காந்தார்.